கராஜில் நிற்கும் பைக்

இதை எனக்கு முதலில் சொன்னது இந்திராதேவி அக்காதான். போன சிவராத்திரி அன்று, திருக்கேதீஸ்வரத்தில், பாலாவித் தீர்த்தத் தண்ணீருக்குக் குடத்தோடு வரிசையில் நிற்கும்போது சொன்னா.

அவவுக்கு ஒரே மகன், நிரூபன். கலியாணத்துக்கு முன்னமே முருங்கனில் கராஜ் வைத்திருக்கும் றம்ஸீன் நானாவைக் கொண்டு, அங்கே ஒன்று இங்கே ஒன்றாகச் சாமான் சேர்த்து, ஒரு பெரிய பைக் கட்டுவித்தவன். ஊரில் அப்படி ஒரு பைக் வேறு ஆரிடமும் இல்லை.

அவனும் பெண்சாதி மதுஷிகாவும் அதில் வரும்போது மாடு ஒன்று குறுக்கே பாய்ந்தது. மதுஷிகா அந்த இடத்திலேயே போய்விட்டாள். அவனுக்குக் கை முறிந்ததோடு சரி.

செத்தவீட்டுச் சனம் கலைய முன்னமே, நொறுங்கின பைக்கை லாண்ட்மாஸ்டர் உழவு மெசின் பெட்டியில் ஏற்றிக்கொண்டு நானாவின் கராஜுக்குப் போனான்.

"திருத்தித் தாங்கோ நானா. பழைய மாதிரி வேண்டாம். இதைவிடப் பெரிய எஞ்சின் போடுங்கோ."

ஊர் சும்மா இருக்குமா?

"பெண்சாதியைத் திண்ட பைக்குக்குப் பெரிய எஞ்சினாம்!"

"படத்துக்குப் போட்ட மாலை இன்னும் வாடேல்லை. இவருக்கு ஓட்டம் கேக்குது."

அக்காவும் கெஞ்சிப் பார்த்தா.

"அப்பு, அந்தச் சனியனை விட்டிடன் ராசா."

"முடிஞ்ச உடன விடுறன் அம்மா."

அதற்கு மேல் அவன் கதைப்பதில்லை. சாப்பாட்டைப் பிசைந்துவிட்டு எழும்பிவிடுவான். விடிந்தால் கராஜ்.

றம்ஸீன் நானா, காலையில் விட்டால் பின்னேரம் எடுக்கலாம் என்று பேர் வாங்கின மனுசன். ஆனால் இந்தப் பைக் மட்டும் ஒரு வெள்ளாமை வெட்டிப் போய், மற்ற வெள்ளாமை வெட்டுக்கு வந்தும் முடியவில்லை.

பெரிய பிஸ்டன் போட்டால், "சூடு தாங்காது தம்பி, ரேடியேற்றர் வேணும்" என்பார். ரேடியேற்றர் வந்தால், "இந்தச் சேசிஸ் பாரம் தாங்காது, வெட்டி ஒட்டோணும்" என்பார். அதுவும் சரிவந்தால், "இந்த ஓட்டத்துக்கு இந்தப் பிரேக்கா? உனக்கென்ன விசரா?" என்பார்.

நிரூபன் கொழும்பு பஸ் ஏறுவான். கடை கடையாகத் தேடி எடுத்துக்கொண்டு வருவான்.

"நானாவுக்குக் கை விட்டுப்போச்சு. ஒரு பைக்கை முடிக்கத் தெரியேல்லை" என்று சனம் தங்கட மோட்டச்சைக்கிள்களை வேறு கராஜுக்குக் கொண்டுபோனது. நிரையாக நின்ற இடத்தில் கடைசியில் நிரூபனின் பைக் மட்டும்தான் நின்றது.

ஒரு மத்தியானம் அக்கா பொறுக்கமாட்டாமல் நேரே போய்விட்டா. நிரூபன் செயின் வாங்கக் கொழும்புக்குப் போயிருந்தான். நானா நிலத்தில் குந்தியிருந்து, செயின் ஓடும் புதுப் பல்சக்கரச் சில்லு ஒன்றை எடுத்து, அதன் பற்களை அரத்தால் அராவிக்கொண்டிருந்தார்.

"நானா! அது என்ர பிள்ளை மடியில வைச்சுக் கொண்டுவந்த சில்லெல்லோ?"

"அதுதான் அக்கா."

"புதுச் சாமானைப் பழுதாக்கிறியோ? அட பாவி மனுசா! சனம் சொன்னதுதான் சரி. உனக்குப் பிள்ளை குட்டி இல்லையோ?"

"இருக்கு அக்கா."

"அப்ப ஏன்ரா?"

அரம் நின்றது.

"இதைக் கொண்டுவந்த அண்டைக்கு, எவ்வளவு வேகம் வேணும் தம்பி எண்டு கேட்டன். மன்னார்ப் பாலத்தில ஏறினா மற்றக் கரை எனக்கு வேணாம் நானா, அதுக்குக் காணுற அளவு வேகம் போதும் எண்டான்."

அக்கா பக்கத்தில் கிடந்த டயரில் இருந்துவிட்டா.

"செய்யமாட்டன் எண்டிருந்தா வேற கராஜுக்குப் போயிருப்பான். அவங்க ஒரு கிழமையில முடிச்சுக் குடுத்திருப்பாங்க. வா, ஆஸ்பத்திரிக்குப் போவம் எண்டும் கேட்டுப் பாத்தன். மாட்டன் எண்டுட்டான். ஆனா இங்க வரமாட்டன் எண்டு ஒருநாளும் சொன்னதில்ல. வேலை மிச்சம் இருந்தா நாளைக்கும் வருவான் அக்கா."

"எனக்கு ஏன் சொல்லேல்லை?"

"உங்கட முகத்தில தெரிஞ்சிரும்."

நானா பைக்கைப் பார்த்தார். அது புதுசாக மினுங்கிக்கொண்டு நின்றது.

"மாத்த வேண்டியது எல்லாம் மாத்தியாச்சு. இனி அந்தச் செயின் மட்டுந்தான். அதைப் போட்டா ஓடும். பல்லுத் தேஞ்சிருந்தா செயின் நிக்காது. எனக்கு வேற வழி தெரியல்ல அக்கா. அல்லா மன்னிக்கட்டும்."

அக்கா இவ்வளவும் சொல்லிவிட்டு, வரிசை நகர ஒரு அடி முன்னால் வைத்தா. நான்தான் கேட்டேன்.

"பிறகு என்ன செய்தனீங்கள் அக்கா?"

"நானா திரும்ப அரத்தை எடுத்தார். சில்லு வழுகாமல் நான் பிடிச்சனான்."

நிரூபன் இன்னும் சிரிக்கவில்லை. அக்காவோடு இன்னும் பேச்சும் இல்லை. நான் விளக்கு வைக்கும்போது அவன் பேரையும் சொல்லிக் கும்பிடுகிறேன். வேறு என்ன செய்கிறது என்று எனக்கும் தெரியவில்லை.

உங்கள் வீட்டுப் பின்பக்கம் பெரிய பைக்கின் பழைய சாமான் ஏதும் கிடந்தால், இரும்புக்காரனுக்குப் போடாமல், முருங்கன் பக்கம் வரும்போது றம்ஸீன் நானாவிடம் கொடுத்துவிட்டுப் போங்கோ. பொருந்தாவிட்டால் இன்னும் நல்லது.