தலைவர் பேரில் ஒரு மூலக்கூறு

அறைக் காற்றில் புற ஊதா ஒளியைப் பாய்ச்சி, அதில் என்னென்ன வாயு இருக்கிறது என்று திரையில் கோடு போட்டுக் காட்டும் கருவி அது. மூன்று நாளாக, ஆய்வகத் தலைவர் பக்கத்தில் வந்தால் மட்டும் புதுக் கோடுகள் துள்ளின.

ஏசி குளிரில் மூக்கடைத்துக் கிடந்த ஆய்வாளருக்குத் தலைகால் புரியவில்லை. "சார், நீங்க ராசிக்காரர். இந்தப் புது மூலக்கூறுக்கு உங்க பேரையே வெச்சிடலாம்."

அதே குளிரில் மூக்கடைத்திருந்த தலைவர், ஸ்வெட்டரை இழுத்துவிட்டுக்கொண்டு மனைவிக்கு ஸ்பீக்கரில் போன் போட்டார். "நான் கிட்ட வந்தாத்தான் அது தெரியுதாம். என் பேரையே வெக்கப்போறாங்க."

"பெட்டியில இருந்த ஸ்வெட்டரைத்தானே மூணு நாளா மாட்டிட்டுப் போறீங்க? பையில கையை விடுங்க."

இரண்டு வெள்ளை உருண்டைகள் வந்தன.

"அதுக்கு ஏற்கெனவே பேரு இருக்குங்க," என்றாள் மனைவி. "அந்துருண்டை."