துணிக்கு அடியில் ஓர் உயிர்

பச்சைச்சட்டைக்காரன் பள்ளத்தின் விளிம்பில் நின்றபோதுதான் வாசலில் கார் வந்து நின்றது.

பெண் பார்க்க ஆறு மணிக்கு மேல் வருவதாகச் சொல்லியிருந்த கிள்ளான்காரர்கள், ராகு காலம் பிறப்பதற்குள் உள்ளே காலடி வைத்துவிடலாம் என்று நாலு மணிக்கே வந்துவிட்டார்கள்.

சந்திரகலா ஆட்டத்தை நிறுத்தும் பட்டனை அழுத்தினாள். பச்சைச்சட்டை அப்படியே உறைந்து நின்றான்.

மூன்று மாதமாக அந்தப் பள்ளம் அவள் பிராணனை வாங்கிக்கொண்டிருந்தது. ஏழாவது கட்டம். மிதித்த மாத்திரத்தில் உதிர்ந்து விழும் மூன்று கற்கள். நடுக்கல்லில் கால் பட்டதும் எங்கிருந்தோ ஒரு வௌவால் பாய்ந்து வந்து முகத்தில் அறையும். தாண்டிவிட்டால் அந்தப் பக்கம் ஒரு சிவப்புக் கொடி.

அந்தக் கொடியை அவள் ஒரு நாளும் தொட்டதில்லை.

இப்போது மிச்சமிருப்பது ஒரே ஓர் உயிர். அது போனால் மறுபடி முதல் கட்டம். டிவியோடு சேர்த்துக் கேம் பெட்டியை அணைத்தாலும் முதல் கட்டம்தான். எதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளும் புத்தி அந்தப் பெட்டிக்குக் கிடையாது.

“டிவிய அடைச்சிட்டுப் போய்ச் சேலையக் கட்டுடி!” அம்மா லெட்சுமி அடுக்களையிலிருந்து பறந்து வந்தாள்.

அடைப்பதாவது! சந்திரகலா சத்தத்தை மட்டும் குறைத்தாள். அம்மா பூத்தையல் போட்டு வைத்திருந்த துணியை டிவியின் முகம் மறைய இழுத்துவிட்டாள். கையிலிருந்த பட்டன் பலகையை வயரோடு சுருட்டி அதற்கடியில் திணித்துவிட்டு அறைக்குள் ஓடினாள்.

இதற்கு முன் வந்த இரண்டு இடத்தையும் அவள் வேண்டாமென்று சொல்லியிருந்தாள். இருபத்தாறு வயதில், பெட்டாலிங் ஜெயாவில் ஆபீஸ் வேலை பார்க்கிற ஒருத்தி டிவி கேம் விளையாடுகிறாள் என்று தெரிந்தால் எந்த மாமியார் சும்மா இருப்பாள்? கல்யாணமான மறுநாளே பெட்டி அலமாரி உச்சிக்குப் போய்விடும். இன்றைக்கும் வேண்டாம் என்றே சொல்வதாக முடிவெடுத்திருந்தாள்.

மாப்பிள்ளையின் அம்மாவைப் பார்த்ததும் அந்த முடிவு இன்னும் கெட்டிப்பட்டது.

இராஜம்மா, தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். நுழைந்ததும் முதல் காரியமாக, வாசலில் எரிந்த விளக்கை அவரே அணைத்தார்.

“பட்டப் பகல்ல எதுக்கு லைட்டு?”

சந்திரகலாவின் கண் டிவிப் பக்கம் ஓடியது. போதாக்குறைக்கு, அந்த அம்மாள் போய் உட்கார்ந்த நாற்காலி டிவியை ஒட்டி இருந்தது. துணியின் பூக்களுக்கு நடுவே பச்சையாக வெளிச்சம் கசிந்தது.

தேநீரை நீட்டியபோது இராஜம்மா அவள் இடது கையைப் பிடித்துக்கொண்டார். கட்டைவிரலைத் திருப்பிப் பார்த்தார். மூன்று மாதத்தில் அது நன்றாகவே காய்த்துப்போயிருந்தது.

“வீணை வாசிக்கிறியாம்மா?”

“ஆமாங்க, சின்ன வயசுலேர்ந்து!” என்று அம்மா முந்திக்கொண்டாள். அந்த வீட்டில் வீணையின் படம்கூடக் கிடையாது.

இராஜம்மா கண்ணாடிக்கு மேலாக ஒரு தடவை பார்த்துவிட்டுக் கையை விட்டார்.

எல்லாரும் சாப்பிடப் பின்கட்டுக்கு எழுந்தார்கள். இராஜம்மா மட்டும் அசையவில்லை. சர்க்கரை வியாதியாம். கேசரியைக் கண்ணால் பார்த்தாலே ஏறிவிடுமாம்.

சந்திரகலா பரிமாறினாள். கை கேசரியில் இருந்தது, காது முழுக்க ஹாலில் இருந்தது. ஒரு முறை ‘டிக்’ என்று ஏதோ கேட்டது. கரண்டி நழுவி மாப்பிள்ளையின் தட்டில் விழுந்தது. அவர் ஏதோ சொல்லிச் சிரித்தார். அவள் காதில் விழவில்லை.

போச்சு. அணைத்துவிட்டார். பகலில் லைட்டு எரிந்தாலே பொறுக்காத மனுஷி, டிவி எரிந்தால் விடுவாரா?

அதற்குப் பிறகு என்ன பேசினார்கள், யார் யாரை விழுந்து கும்பிடச் சொன்னார்கள் என்று எதுவும் அவள் மனதில் நிற்கவில்லை. புறப்படும்போது இராஜம்மா அவள் இரண்டு கைகளையும் பற்றிக்கொண்டார். அவருடைய கட்டைவிரல் ஏதோ சொரசொரவென்று உறுத்தியது. அதையும் அவள் பொருட்படுத்தவில்லை. “போய்ச் சொல்லி அனுப்புறோம்” என்றார்கள். கார் கிளம்பியது.

சந்திரகலா ஓடிப்போய்த் துணியைத் தூக்கினாள்.

டிவி அணைந்திருக்கவில்லை. ஆட்டமும் நிறுத்தியபடியே நின்றது.

பச்சைச்சட்டைதான் விளிம்பில் இல்லை. பள்ளத்துக்கு அந்தப் பக்கம், சிவப்புக் கொடிக்குக் கீழே நின்றான்.

அவள் அவசரத்தில் சுருட்டித் திணித்த வயர், பள்ளிக்கூடத்து அலமாரியில் வைப்பதுபோல் அழகாகச் சுற்றி வைக்கப்பட்டிருந்தது.

முதலில் அவளுக்குக் கோபம்தான் வந்தது. மூன்று மாதம் மாரடித்த பள்ளம்! அதுவும் ஒரே ஓர் உயிரை வைத்துக்கொண்டு, அடுத்தவள் உயிரை வைத்துக்கொண்டு, என்ன துணிச்சல்!

பிறகு, கைக்குள் உறுத்திய அந்தக் கட்டைவிரல் ஞாபகத்துக்கு வந்தது. இடது கட்டைவிரல். தன்னுடையதைவிடக் கெட்டியாகக் காய்த்திருந்தது.

அப்பா சின்னையா கேட்டைச் சாத்திவிட்டு, கேட்கலாமா வேண்டாமா என்ற முகத்தோடு உள்ளே வந்தார்.

“என்னம்மா, பையன நல்லாப் பாத்துக்கிட்டியா?”

“எனக்குச் சம்மதம்ப்பா” என்றாள் சந்திரகலா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

மாப்பிள்ளைக்கு மீசை இருந்ததா இல்லையா என்பதைக் கல்யாணத்தன்று பார்த்துக்கொள்ளலாம்.