சோடி ஊசி

காலை ஜெபம் முடிந்து தையலறைக்குத் திரும்பியபோது, என் மேசையின்மேல் இரண்டு துண்டாக உடைந்த ஊசி ஒன்று வைக்கப்பட்டிருந்தது.

யாருடையது என்று கேட்டேன். பாய்களில் அமர்ந்து தைத்துக்கொண்டிருந்த பெண்கள் ஒருவரும் நிமிரவில்லை.

நேசபாய் மட்டும் என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு தமது கொக்கோ டப்பாவைத் தொடையருகே இழுத்து வைத்துக்கொண்டு தையலைத் தொடர்ந்தார்.

அந்த டப்பாவின்மேல் எனக்குச் சில நாட்களாகவே சந்தேகம்.

மார்த்தாண்டத்துக்கு மேற்கே உள்ள எங்கள் மிஷன் தையல் வீட்டில் கைக்குழந்தைகளுக்கான சட்டைகள் தைக்கப்பட்டுச் சீமைக்குக் கப்பலேறுகின்றன. ஒருமுறை சட்டை மடிப்பில் தங்கிவிட்ட ஊசி, அங்கே ஒரு குழந்தையின் விலாவில் ஏறிவிட்டதாகச் செய்தி வந்தது. அன்று தையல் வீட்டை நடத்தும் வெள்ளைக்கார மிசியம்மா ஒரு விதி செய்தார்கள். ஊசி உடைந்தால் இரண்டு துண்டுகளையும் காட்டிப் புதியது பெற்றுக்கொள்ளலாம். ஊசியைத் தொலைத்தவர் மறுநாள் வேலைக்கு வர வேண்டாம்.

மேற்பார்வை பார்க்கும் எனக்கும் அதில் விலக்கில்லை; பெண்கள் என்னிடம் காட்டுவதுபோல நான் மிசியம்மாவிடம் காட்ட வேண்டும்.

முடிந்த சட்டைகளைச் சோதிப்பது என் பணி. விட்டுப்போன தையல் கண்ணில் பட்டால் அங்கேயே திருத்துவதற்காக, நூல் கோத்த ஓர் ஊசியை ரவிக்கையின் தோளில் குத்தி வைத்திருப்பேன்.

நேசபாய் தரையில் கிடப்பது எதையும் விடமாட்டார். பொத்தான், கொக்கி, நூல் மிச்சம், எல்லாம் டப்பாவுக்குள் போகும். அதைக் குற்றமாகக் கருதுவது முறையன்று என்றுதான் நானும் இருந்தேன். ஆனால் சென்ற வாரம் யேசுரத்தினம் என்னும் பெண், முதலில் நேசபாயின் அருகில் போய்ச் சற்று நேரம் அமர்ந்துவிட்டு, பிறகு என்னிடம் வந்தாள்.

"ஒடஞ்சு போச்சு டீச்சர்."

அவள் நீட்டிய ஊசியின் காதில் துரு ஏறியிருந்தது. அதற்கு முன்பே ஒருநாள் என் கையாலேயே கொல்லைக் குழியில் போட்ட ஊசி அது.

ஒரே ஊசி இரண்டு முறை உடையுமா?

நேசபாய் குழியைக் கிளறிப் பழைய துண்டுகளை எடுக்கிறார். அவற்றைக் காட்டிப் புதியவற்றை வாங்கிவரப் பெண்களை ஏவுகிறார். புதியவை மார்த்தாண்டம் சந்தைக்குப் போகின்றன. அவ்வாறுதான் நான் எண்ணினேன். அன்று முதல் அவரையே கவனித்து வந்தேன். இப்போது என் மேசையில் கிடந்த துண்டுகள் என்னைக் கேலி செய்வதாகத் தோன்றின.

பிற்பகலில், அந்த வாரத்துச் சட்டைகளெல்லாம் மரப்பெட்டிக்குள் அடுக்கப்பட்டன. தச்சுவேலை செய்யும் ஜேசுதாஸ் மூடியைப் பொருத்திக்கொண்டிருந்தார். நான் அந்தத் துண்டுகளைக் கையில் எடுத்துக்கொண்டு நேசபாயிடம் சென்றேன்.

"அக்கா, கோவிச்சுக்கப்பிடாது. அந்த டப்பாவக் கொஞ்சம் தொறந்து காட்டணும்."

"பொறவு? உள்ள பவுனாக்கும் அடுக்கி வச்சிருக்கேன்! ஏட்டி, எல்லாரும் கண்ணப் பொத்திக்கிடுங்க, கூசும்!"

பெண்கள் சிரித்தார்கள். யேசுரத்தினம் சிரிக்கவில்லை.

டப்பா திறந்தது. ஈர்க்கில் சுற்றிய நூல்கள். அட்டையில் வரிசையாக மாட்டிய கொக்கிகள். அவற்றுக்கு அடியில் ஒரு துணிச் சுருள். விரித்தேன். உடைந்த ஊசிகள். ஒவ்வொரு சோடித் துண்டையும் ஒரு வண்ண நூலால் சேர்த்துக் கட்டி வைத்திருந்தார்.

புதிய ஊசி ஒன்றுகூட இல்லை.

"வாங்கின புதுசெல்லாம் எங்க அக்கா?"

நேசபாய் குரலைத் தாழ்த்தினார்.

"வாங்கின பிள்ளையளுக்க கையில. ஊசியத் தொலச்சுப்போட்டு வந்து நின்னு கண்ணீரு விட்டுக் கரையும் டீச்சர். இந்த வேல போனா அதுகளுக்க வீட்டுல அடுப்பு எரியாது. ஒரு சோடி எடுத்துக் குடுப்பேன், கொண்டு காட்டுன்னு."

என் மனம் இளகியது. அடுத்த நொடியே திடுக்கிட்டேன்.

அப்படியானால் அந்த ஊசிகள் உடையவில்லை. தொலைந்திருக்கின்றன.

ஜேசுதாஸ் முதல் ஆணியை அடித்தார்.

"தொலைஞ்சது எங்க? சட்டைக்குள்ள இருந்தா?"

"அய்யோ, விட்டிருவேனா? பாயிக்க அடி, சட்ட மடிப்பு, எல்லாம் தேடித் தப்பி எடுத்து ஒங்க ஊசிப்பெட்டியிலயே போட்டிருவேன். யேசுரத்தினத்துக்க ஊசி அன்னைக்கே கிட்டியாச்சு." அவர் பாயின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தார். "ஒண்ணு மட்டும் கிட்டல்ல. காலையில இருந்து தேடுதேன்."

"யாருக்க ஊசி?"

நேசபாய் என் தோளைப் பார்த்தார்.

கையைத் தோளுக்குக் கொண்டுபோனேன். விரலில் துணி மட்டுமே தட்டுப்பட்டது. காலையில் மேசைமேல் இருந்த சோடி, எனக்காக நேசபாய் வைத்தது.

நேற்று முழுவதும் சட்டைகள் என் கைகளில் இருந்தன. கண்கள் நேசபாயின்மேல் இருந்தன.

வாசலில் செருப்பொலி கேட்டது. மிசியம்மா வந்து நின்றார்கள். என் கையிலிருந்த இரண்டு துண்டுகளையும் கண்டு, வழக்கம்போலப் புதிய ஊசி எடுத்துத் தருவதற்காகத் தமது பையைத் திறந்தார்கள்.

"குடுத்திருங்க டீச்சர்," என்றார் நேசபாய், உதடு அசையாமல்.

நான் அந்தச் சோடியை டப்பாவிலேயே திரும்ப வைத்து மூடினேன்.

"ஜேசுதாஸ் அண்ணே, ஆணியப் பிடுங்கணும்," என்றேன். "எனக்க ஊசி உள்ள கெடக்கு."