ஏழாம் அத்தியாயத்துக்கு ஒரு கிளிப்

பிப்ரவரி 12, வியாழன்.

இன்றைய தவறு: செய்யாத குற்றத்துக்காகப் பாப்பாவைத் திட்டிவிட்டேன்.

பாப்பா என் அக்கா மகள். எட்டு வயது. காலை ஏழு மணிக்கு அக்கா அவளுக்கு இரட்டைப் பின்னல் போடுவாள். தலையை ஆட்டாமல் இருக்க நான் கதை படிக்க வேண்டும். இரண்டு பின்னலுக்கு ஒரு அத்தியாயம் சரியாக இருக்கும்.

இப்போது படிப்பது, தம்பியைத் தேடிப் பாழடைந்த சுரங்கத்துக்குள் இறங்கும் ஒரு சிறுமியின் கதை. ஏழாம் அத்தியாயத்தில் அவள் அடியில் நிற்கிறாள். மேலிருந்து இரும்புத் தொட்டி இறங்கி வருகிறது. ஒதுங்க இடமில்லை.

அந்த அத்தியாயத்தின் பக்கங்களைச் சேர்த்து ஒரு கிளிப் மாட்டி வைத்திருந்தேன், படிக்காமல் தாண்டிப் போவதற்காக.

இன்று காலை கிளிப்பைக் காணோம்.

“நான் எடுக்கல மாமா! நீதான் பயந்தாங்கொள்ளி, அதான் பூட்டு போட்டு வச்சிருக்கே!”

பொய் சொல்லாதே என்று கத்தினேன். அழுதாள். தலை ஆடியது. ஒரு பின்னல் கோணலாகவே பள்ளிக்கூடம் போனது.

பக்கத்து அறையிலிருந்து அக்காவின் கணவர் குரல் கொடுத்தார். “மாப்ள, மீசை முளைச்சவன் படிக்கிற புக்கா அது? அதுக்கு ஒரு பஞ்சாயத்து வேற!”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் அத்தானிடம் இப்போது யாரும் பதிலுக்குப் பதில் பேசுவதில்லை.

அத்தான் லிஃப்ட் மெக்கானிக். லிஃப்டுக்கு அடியிலுள்ள குழிக்குள் இறங்கும் முன் மெயின் சுவிட்சை அணைத்து, அதில் ஒரு சிவப்பு அட்டையைத் தொங்கவிட வேண்டும். ஏழு வாரத்துக்கு முன் ஒரு நாள், ஐந்து நிமிட வேலைதானே என்று அட்டையை மாட்டாமல் இறங்கிவிட்டார். மேலே யாரோ சுவிட்சைப் போட்டுவிட்டார்கள். லிஃப்ட் அவர் தலைக்கு ஒரு சாண் மேலே வந்து நின்றது.

ஒரு கீறல்கூட இல்லை. அதுதான் தொல்லை. ‘ஒண்ணும் ஆகலையே, அப்புறம் என்ன?’ என்கிறார்கள். அன்றிலிருந்து அவர் வேலைக்குப் போகவில்லை. கருவிப் பை கட்டிலுக்கு அடியில் திறக்காமல் கிடக்கிறது. இந்தத் திங்கட்கிழமை வராவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவோம் என்று கம்பெனியில் சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

மாலை கட்டுரை வகுப்பு. அங்கேயும் அடி.

சிறுவர்களுக்கு எழுதப்படும் இருண்ட சாகசக் கதைகளைப் பெரியவர்களும் ஏன் ரசிக்க வேண்டும் என்ற என் கட்டுரை இரண்டாம் முறையாகத் திரும்பி வந்தது. மூன்று காரணங்களை எண் போட்டு எழுதியிருந்தேன். நான் உண்மையில் நம்புவது மூன்றாவதை மட்டும்தான். குழந்தைக்கு எழுதுகிறவர் இருட்டைக் காட்டினால் வெளியே வரும் வழியையும் காட்டியே ஆக வேண்டும். பெரியவர்களுக்கு எழுதுகிறவருக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

“காரணம்லாம் சரிப்பா, ஆளு எங்கே?” என்றார் ஆசிரியர். “இதப் படிச்சு யாராவது ஒரு பெரியவருக்கு ஏதாவது ஆச்சா? ஒருத்தரக் காட்டு, பாஸ் போடறேன்.”

நாளைதான் கடைசி நாள்.

அப்படி எத்தனை பெரியவர்கள் என்று பஸ்ஸில் விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். கட்டைவிரலைத் தாண்டவில்லை. அந்தக் கட்டைவிரலும் நான்தான். என்னைப் பெரியவன் என்று வீட்டில் யார் ஒப்புக்கொள்கிறார்கள்?

வீட்டுக்கு வந்ததும், கட்டுரைக்கு ஒரு வரியாவது எடுக்கலாம் என்று புத்தகத்தைத் திறந்தேன்.

கிளிப் பின்னட்டையில் ஒழுங்காக மாட்டியிருந்தது.

ஒன்பதாம் அத்தியாயத்தில் ஏதோ தடித்து நின்றது. தப்பி மேலே வந்துவிட்ட சிறுமி, தம்பிக்காக இரண்டாம் முறை இறங்கத் தொடங்கும் பக்கம்.

உள்ளங்கை அகலச் சிவப்பு அட்டை. ஓட்டையில் கயிறு கோத்திருந்தது.

‘ஆள் உள்ளே. இயக்காதே.’

புத்தகத்தை மூடினேன். அத்தான் அறையில் டிவி ஓடிக்கொண்டிருந்தது, சத்தமில்லாமல்.

கட்டுரைக்கு ஆள் கிடைத்துவிட்டார். ஆனால் எழுத முடியாது. ஏழு வாரமாக எல்லோரும் அவரை எட்டிப் பார்த்தது போதும்.

இங்கேயாவது உண்மையை எழுதிவிடுகிறேன். கிளிப்பைப் பாப்பாவுக்காகப் போடவில்லை. நாங்கள் படிக்கும் அறைக்கும் அத்தான் அறைக்கும் நடுவே கதவு கிடையாது, திரைதான்.

நாளை: பாப்பாவிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். கட்டுரையை இருக்கிறபடியே கொடுத்துவிட வேண்டும். அட்டை இருக்கும் பக்கத்தை மாற்றக் கூடாது. காலை ஏழு மணிக்கு ஏழாம் அத்தியாயம், ஒரு வரி விடாமல், திரைக்கு அந்தப் பக்கம் கேட்கும்படி.