பந்து போடுறவன் அடிக்க வேண்டாம்

“இதுல ஏதோ சூது இருக்குலா” என்றான் தங்கராஜு. தேயிலைத் தோட்டத்தின் கீழ்ப் பகுதியான கீழ் டிவிஷனின் சாஃப்ட்பால் டீமுக்குக் கேப்டன் அவன்.

1978 மே தினம். தோட்டத்துப் பாடாங் திடலில் மேல் டிவிஷனோடு ஆட்டம். தொடங்கப் போகிற நேரத்தில் அவர்கள் கேப்டன் கருப்பையா வந்து புதிதாக ஒரு ரூல் கேட்டான்.

“பந்து போடுறவன் மட்டை பிடிக்க வேணாம். அவனுக்குப் பதிலா வேற ஒருத்தன் அடிக்கட்டும். ரெண்டு டீமுக்கும் அப்படித்தான். அமெரிக்காவுல பேஸ்பால்ல இந்த ரூல் வந்து அஞ்சாறு வருசமாச்சு.”

“அங்க வந்தா நமக்கென்ன? ஆடுறவன்னா எல்லாம் ஆடணும். பந்து போட்டுட்டு உட்கார்ந்துக்கிறவன் பாதி ஆட்டக்காரன்.”

“போடுறவனுக்குக் கை வலிக்கும்லா. கொஞ்சம் ரெஸ்ட் கெடைக்கும்.”

நடுவராக நின்ற வாத்தியார், “ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டா எனக்குச் சரி” என்று ஒதுங்கிக்கொண்டார்.

தங்கராஜு தன் ஆட்களை ஓரமாகக் கூட்டினான்.

“அவங்க டீமுக்குப் பந்து போடுறவனே கருப்பையாதான். பெரிய அடி அடிக்கிறவனும் அவன்தான். தன் மட்டையைத் தானே கீழ வைக்கிறான்னா சும்மாவா? பிரிஞ்சாங் டவுன்லேருந்து எவனையோ கொண்டாந்திருக்கான்.”

“இருக்கட்டுமே” என்றான் ஆண்டியப்பன். “எப்பவும் போல நம்ம வேலப்பன் பந்து போடட்டும். அவனுக்குப் பதிலா நான் அடிக்கிறேன்.”

ஆண்டியப்பனுக்குத் தொப்பை. குனிந்து பந்து பிடிக்க வராது. ஆனால் அடித்தால் இடிதான்.

“நீ என்னலா சொல்றே?” என்று வேலப்பனைக் கேட்டான் தங்கராஜு.

“கேப்டன் சொல்றபடி.”

யோசித்தால் லாபம் நமக்குத்தான். அதுதான் தங்கராஜுவை உறுத்தியது. அரை மனதாகத் தலையாட்டினான்.

கருப்பையாவுக்குப் பதிலாக மட்டையோடு வந்தவன் வெளியாள் இல்லை. அவன் மச்சான் முருகையா. தங்கராஜு மட்டையை வாங்கித் தட்டிப் பார்த்தான். சாதாரண மட்டைதான்.

முருகையா காற்றை அடித்தான். மறுபடியும் காற்றைத்தான் அடித்தான்.

“நடிக்கிறான். கடைசியில காட்டுவான் பாரு” என்றான் தங்கராஜு.

கடைசி வரைக்கும் காட்டவில்லை. ஆண்டியப்பன் அடித்த பந்து தேயிலைச் செடிக்குள் போய் விழ, கீழ் டிவிஷன் ஜெயித்தது. மேல் டிவிஷன்காரர்கள் கருப்பையாவை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே போனார்கள்.

கை கொடுக்க வந்த கருப்பையாவின் கையைத் தங்கராஜு விடவில்லை.

“உண்மையச் சொல்லு. எதுக்கு இந்த ரூல்?”

“ஒண்ணுமில்லலா. சும்மா.”

“சும்மா எவனாவது தோப்பானா? சரி, அடுத்த ஆட்டத்துக்கு இது வேணாம். பழையபடி வேலப்பனே மட்டை பிடிக்கட்டும்.”

கருப்பையாவின் சிரிப்பு நின்றது. தூரத்தில் வேலப்பன் சாமான்களை மூட்டை கட்டிக்கொண்டிருந்தான். கருப்பையா தங்கராஜுவைத் தனியாக இழுத்துப் போனான்.

“வேணாம்பா. திரிங்காப் டீமோட ஆடினப்ப அவன் மூஞ்சில பந்து பட்டுச்சே, ஞாபகம் இருக்கா?”

“அது எப்பவோ ஆறிப்போச்சு. அவனே சிரிச்சுக்கிட்டுத்தானே எந்திரிச்சான்?”

“சிரிச்சான். போன மாசம் நாம சும்மா ஆடினோம்ல, அப்பதான் பார்த்தேன். நீங்கல்லாம் ஓரமா நிக்கிறீங்க, உங்களுக்குத் தெரியாது. எதிர்ல நின்னு பந்து போடுறவனுக்குத்தான் தெரியும். உங்ககிட்டச் சொல்ல வெட்கம் போல. நீயும் கேட்டுடாதே.”

“என்னத்தப் பார்த்தே?”

கருப்பையா குரலைத் தாழ்த்தினான்.

“கண்ணை இறுக்க மூடிக்கிட்டு நிக்கிறவனுக்கு நான் எப்படிப்பா பந்து போடுவேன்?”