என் கிணத்தையும் பாருங்க

செல்லப்பன் கைநாட்டுக்காரன். நான் நாப்பது வயசுக்கு மேல எழுத்துக்கூட்டிப் படிச்சவன். ஆனாலும் ஆலைக் கழிவுநீருக்குக் கொடுத்த அனுமதியை ரத்து பண்ணச் சொல்லிப் போட்ட கேஸில் அவன் பேர்தான் முதல் பேர். அவன் கிணறு கெட்டுப்போச்சாம். அவன் வாசலில் தினம் ஜீப்பு, அரியலூர் வக்கீல், அவனுக்குச் சரிசமமாக நாற்காலி. எனக்கு வயிறு எரிஞ்சது.

“சார், என் கிணத்தையும் பாருங்க” என்று மாசு கட்டுப்பாட்டு வாரியத்து ஆபீசரிடம் கெஞ்சினேன்.

“உன் கிணத்துலயும் தண்ணி எடுக்கத்தான் போறோம். நாளைக்கு வரோம்.”

மறுநாள் என் கிணத்துத் தண்ணி பாட்டிலில் பழுப்பாக நின்றது. செல்லப்பன் ஓடி வந்து கையைப் பிடிச்சுக்கிட்டான்.

“உன் கிணறும் போச்சா மச்சான்? இனிமே கேஸ் நம்ம பக்கந்தான்!”

கோர்ட்டில் ஆலை வக்கீல் எழுந்தார்.

“ஒப்பிட்டுப் பார்க்கத்தான் இவர் கிணத்துத் தண்ணியை எடுத்தாங்க. அது மேட்டுல இருக்கு. ஆலைத் தண்ணி அங்கே ஏறவே ஏறாது. அதுலயும் அதே அழுக்கு இருக்குன்னா, ஆலை மேல என்ன குத்தம்?”

கேஸ் தள்ளுபடி ஆச்சு.

வெளியே வந்ததும் செல்லப்பன் கேட்டான். “மேட்டுக்கு எப்படி மச்சான் ஏறிச்சு அந்தத் தண்ணி?”

ஆபீசர் வரதுக்கு முந்தின ராத்திரி ஆலை வாய்க்காலில் மொண்டு, எட்டுக் குடம் சுமந்து ஏத்தின என் தோள் இன்னும் வலிக்கிற மாதிரி இருந்துச்சு.