சுவருக்கு அந்தப் பக்கம்

வீட்டு முன்கட்டுப் பட்டறையில், கொல்லுலைக்காகக் குருவையா தன் கையாலேயே செய்த கேஸ் பர்னர் மஞ்சளாக எரிந்து இருமிக்கொண்டே இருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் செல்லப்பாண்டியின் பர்னரோ நீலமாய் இரையும். சோறு தின்னும்போதும் குருவையாவுக்கு அந்தச் சத்தம்தான். இன்று செல்லப்பாண்டி பட்டறை திறக்கவில்லை. தன் பர்னரின் சத்தம் அவனுக்கு இன்றுதான் தனியாகக் காதில் விழுந்தது. கேட்டுக்கொண்டே, காற்றைக் கூட்டிக் குறைக்கும் வளையத்தை மயிரிழை திருப்பினான். சுடர் நீலமாகி, ஒரே சீராக இரைந்தது. மனைவி வந்து பார்க்கட்டும் என்று காத்திருந்தான்.

அடுக்களையிலிருந்து அவள் குரல் வந்தது. "கேட்டீங்களா, பாண்டி அண்ணன் பர்னரை எப்படி வச்சிருக்காருன்னு. ஒரு எட்டு போய் அவர்கிட்ட கேட்டாத்தான் என்ன?"

குருவையா சிலிண்டரை மூடினான். இரைச்சல் அடங்கியது.

"ச்ச," என்றாள் அவள். "நிறுத்திட்டாரு."